ருசி பார்ப்பவளின் ஈறு

எட்டாவது கோப்பையில்தான் கவனித்தேன்.
கரண்டியில் அள்ளி, சர்ரென உறிஞ்சி,
அண்ணமெல்லாம் தெளிக்கவிட்டுத் துப்பினேன்.
எவர்சில்வர் தொட்டியின் விளிம்பில்
காப்பிக்கு நடுவே ஒரு சிவப்பு இழை.

"நாகலூர் லாட்ல ஏதாச்சும் குறையா, மேடம்?"
லூர்துராஜ் எட்டிப் பார்த்தார்.
லாட்டில் ஒன்றுமில்லை.
குறை என்னுடையது.

ஒரு மாதமாகவே உண்டு.
கடித்துவைத்த கொய்யாவில்
ரோஜா நிறத்தில் பல்தடம்.
உப்பு போட்ட பேஸ்ட் வாங்கினேன்.
கிராம்பு போட்டது வாங்கினேன்.
கரி போட்டு, கறுப்பாய் நுரைப்பது ஒன்று,
வாஷ்பேசினே அடுப்பங்கரை ஆனது.
நுரை தினுசு தினுசாய் மாறியது.
அடியில் ஓடும் சிவப்பு மாறவில்லை.

இருபது வளைவும் இறங்கினால்
ஐந்து ரோட்டில் டாக்டர் பர்வீன்.
ஈறிடுக்கில் மெல்லச் சுரண்டி
கண்ணாடிச் சில்லில் தடவி
திரையில் காட்டினார்.

செவ்வாய்ப்பேட்டை காலை பத்து மணிக்கு
எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.
ஸ்பிரிங் போல முறுக்கிக்கொண்டு போகிறவை,
குச்சியாய்க் கிடப்பவை,
கும்பலாய் ஒட்டிக்கொண்டு
எதற்கோ காத்திருப்பவை.

"இவ்வளவும் நானா?"
"உங்ககிட்ட குடியிருக்கிறவங்க.
பெரும்பாலும் நல்ல குடித்தனம்தான்.
இந்தச் சுருள்கள் பெருகினாத்தான்..."
மீதியைச் சொல்லாமல் கையுறை மாற்றினார்.
அதன்பிறகு ஒரு மணி நேரம்
என் வாயில் கல் உடைத்தார்.

மரத்த உதட்டோடு பஸ் ஏறினேன்.
பதினோராவது வளைவில் மரப்பு விட்டது.
காலியான பல்லிடுக்கை
நாக்கு போய்ப் போய்ப் பார்த்து வந்தது,
காலி செய்த வீட்டை
ஜன்னல் வழியே பார்ப்பதுபோல.

பையில் ஒரு சீசா.
காலை ஒரு மூடி, இரவு ஒரு மூடி, பதினான்கே நாள்.
"டீ, காப்பி குறைச்சுக்குங்க. கறை பிடிக்கும்."
என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உப்பு போயிற்று.
ரசம் வெந்நீராய் இறங்கியது.
ஐந்தாம் நாள், மேசையில் பன்னிரண்டு கோப்பை.
பன்னிரண்டிலும் ஒரே தகரம்.
கசப்பு வரவில்லை.
கசப்புதான் எனக்கு அரிச்சுவடி;
அதை வைத்துத்தான் மற்ற எழுத்தெல்லாம் கூட்டுவேன்.
மூக்கை நம்பி எழுதினேன்:
எலுமிச்சை. கொஞ்சம் வெல்லம். எண்பத்தொன்று.
கையெழுத்து மட்டும் நிஜம்.
லூர்துராஜ் முத்திரை குத்தி மூட்டை தைத்தார்.

எட்டாம் நாள் இரத்தம் நின்றது.
பத்தாம் நாள் கண்ணாடியில்
ஒவ்வொரு பல்லோரமும் பழுப்புக் கரை,
கோரா வேட்டிக்குப் போட்டதுபோல.

அந்த வாரம்தான் தோட்டத்தில் மருந்தடிப்பு.
மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து
இலைகளில் நீலம் சொட்டியது.
டிரம்மில் மிஞ்சியதைச் செடியடியில் கவிழ்க்கப்போன
பையனைப் பார்த்துச் சடைச்சி கத்தினாள்:
"வேர்ல ஊத்தாதடா எடுபட்டவனே!
மண்புழு செத்தா நீயா வந்து உழுவ?"
வாயை மூடிக்கொண்டு கடந்தேன்.

பதினைந்தாம் நாள்.
சீசாவில் இன்னும் இரண்டு விரற்கடை.
இரத்தம்தான் நின்றுவிட்டதே,
இன்னும் ஒரு வாரம் ஊற்றினால் என்ன
என்று தோன்றாமல் இல்லை.
மூடியைத் திறந்தேன். மோந்தேன். மூடினேன்.
பால்புட்டி கழுவும் பிரஷ்ஷின் குட்டிபோல ஒன்று,
டாக்டர் கொடுத்து நான் பிரிக்காமல் வைத்தது.
இடுக்கு இடுக்காய் நுழைத்தேன்.
முதல் நாள் மறுபடி சிவப்பு.
நான்காம் நாள் வெறும் எச்சில்.

கசப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது,
சுண்டைக்காய் வற்றலில்.
சமையலறையில் நின்றபடியே
இன்னொன்று, இன்னொன்று என்று தின்றேன்.

மறுநாள் அந்த லாட்டின் சாம்பிள் டப்பாவைத் திறந்து
புதிதாய் வறுத்து, அரைத்து, ஊற்றி
சர்ரென உறிஞ்சினேன்.
ஈரச்சாக்கு. அடியில் மண்.
எலுமிச்சை எங்குமே இல்லை.
எழுபத்தாறு, தாராளமாய்ப் போட்டால்.

"கப்பல் ஏறிடுச்சே மேடம்," என்றார் லூர்துராஜ்.

துப்பினேன். குனிந்து பார்த்தேன்.
தொட்டியில் காப்பி நிறம் மட்டும்.
ஏதோ ஒரு ஊரில் யாரோ
என் எண்பத்தொன்றைக் குடித்துவிட்டு
எலுமிச்சை, எலுமிச்சை என்று
தேடிக்கொண்டிருப்பார்கள் இந்நேரம்.